ஈயம் வைத்துத் தைத்த சட்டை

சனிக்கிழமை பின்னேரம். சோளகக் காற்று யன்னலை அடித்து அடித்துச் சாத்துகிறது. நாளைக்குக் கோயில் திருப்பலிக்குப் போட நான் எடுத்துவைத்த மஞ்சள் சட்டையைப் பார்த்து மகள் கேட்கிறாள்: “இந்தக் காத்துக்கு, இந்த வயசில, இதையோ போடப்போறீங்கள்?”

எங்கள் கடற்கரை ஊரான வங்காலையில் எனக்குப் பத்து வயதாக இருந்தபோதும் ஒரு மஞ்சள் சட்டைதான். சோளகம் பிறந்தால் பொம்பிளைப் பிள்ளைகள் முழங்கால் மட்டச் சட்டை போடக்கூடாது, கணுக்கால் வரை பாவாடைதான் என்று கோயில் மூப்பர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவோ, அப்பாவின் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றி, என் சட்டையின் கரை மடிப்புக்குள் வைத்துத் தைத்தா.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை றோட்டில் பாவாடைகள் எல்லாம் பறந்தன. மூப்பரின் சால்வையும் பறந்தது. என் சட்டை அசையவில்லை. ஆனால் கோயிலில் நான் முழந்தாளிட்டபோது ஈயம் சீமெந்துத் தரையில் ‘டொக்’ என்று இடித்தது. மூப்பர் திரும்பி முறைத்தார். நான் கூனிக்குறுகிப் போனேன்.

அம்மா காதுக்குள் சொன்னா: “நிமிந்து இரு பிள்ளை. அவருக்கும் கேக்கட்டும்.”

“ஓம், இதைத்தான் போடப்போறன்” என்கிறேன் மகளிடம். ஈயம் தைத்தாயிற்று. நாளைக்குக் கொஞ்சம் பலமாகவே முழந்தாளிடுவேன்.