அஞ்சு, ம்க்கும், ஏழு

என் அம்மாவுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். ஆறு மட்டும் வராது. தெரியாமல் இல்லை, வாய் வராது. காரணம், அப்பாவின் பெயர் ஆறுமுகம்.

முட்டை வாங்கினால் அரை டஜன். சாயங்காலம் ஆறு மணி என்றால் 'விளக்கு வெக்கிற நேரம்'. காப்பி ஆறிப்போய்விட்டது என்றுகூடச் சொல்ல மாட்டாள். "சூடு எறங்கிப் போச்சு, குடிங்க" என்பாள். வாத்தியார் பெயரை நாம் சொல்வதில்லையே, அதுபோல இதுவும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மூளை அந்த வயதில் அவ்வளவுதான் ஓடும். இப்போதும் பெரிதாக வேகம் கூடவில்லை.

எண்பதுகளில் ஒரு காணும் பொங்கலுக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மெரினாவுக்குப் போனோம். அப்பா, அம்மா, அத்தை, கூடவே ஏழு பிள்ளைகள். பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேர், அத்தை பிள்ளைகள் இரண்டு பேர், நான், என் தங்கை. காணும் பொங்கலன்று மெரினாவில் மணலைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து நின்றால்தான் உண்டு. அத்தனை கூட்டம்.

தாம்பரம் ஸ்டேஷனிலேயே அம்மா ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிட்டாள். வயது வரிசைப்படி நம்பர். கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். என் விதி, நான் ஆறாவது. மற்றவர்களுக்கெல்லாம் நம்பர் இருந்தது. எனக்குத் தொண்டைக் கனைப்புதான் கிடைத்தது.

"நாலு?"

"இருக்கேன்!"

"அஞ்சு?"

"இருக்கேன்!"

"ம்க்கும்?"

"இருக்கேன்மா!"

கடற்கரையில் அம்மா எங்கள் செருப்புகளை எல்லாம் கழற்றி மணலில் வரிசையாகக் கோடுபோல வைத்தாள். அந்தச் செருப்புக் கோட்டைத் தாண்டி யாரும் கடல் பக்கம் போகக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு காவல் நின்றார். இந்தப் பக்கம் அத்தை புளிசோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். கடல் எங்களைத் தூக்கிப்போக வழியே இல்லை.

ஆனால் என்னைத் தூக்கிப்போனது கடல் இல்லை, குதிரை. சவாரிக் குதிரை ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அப்பா ஏற்கெனவே குதிரை கிடையாது என்று சொல்லியிருந்தார். ஏறத்தானே கூடாது, பின்னால் நடக்கலாம் என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டேன். பின்னால் போகிறவனைப் பார்த்து குதிரைக்காரர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொள்வார் என்பது திட்டம். அவர் திரும்பியே பார்க்கவில்லை. நெடுந்தூரம் நான் பார்த்ததெல்லாம் ஒரு வாலைத்தான்.

அதே நேரம் அங்கே அம்மா எண்ணிக்கொண்டிருந்தாளாம். "அஞ்சு?" என்றதும் அத்தை பையன் வாய் நிறைய சுண்டலோடு "இருக்கேன்" என்று சொல்லப்போய்ப் புரையேறி, 'ம்க்கும் ம்க்கும்' என்று இருமியிருக்கிறான். அந்தக் களேபரத்தில் 'ம்க்கும்' முடிந்துவிட்டது என்று அம்மா "ஏழு?" என்றிருக்கிறாள். தங்கை "இருக்கேன்" என்றாள். கணக்கு சரியாகிவிட்டது. உலகத்தில் இருமலால் காணாமல்போன பையன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கடைசியில் புளிசோற்றுத் தட்டுதான் காட்டிக்கொடுத்தது. தட்டு ஏழு, கை நீட்டியது ஆறு பேர். அப்பா தண்ணீரோரமாகத் தேடிக்கொண்டு ஓடினார். அத்தை மற்ற பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அம்மா தனியாகப் போலீஸ் பந்தலுக்கு ஓடினாள்.

குதிரையை விட்டு நான் திரும்பியபோது எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. பஜ்ஜிக்கடைப் பக்கம் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. நான் தொலைந்துபோயிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இவர்கள் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்றுதான் எரிச்சலாக இருந்தது. ஒலிபெருக்கியில் யார் யார் பெயரோ வந்துகொண்டிருந்தது. நடுவில் "குமார் என்ற சிறுவன்" என்றும் வந்தது. என் பெயர்தான். ஆனால் என் வகுப்பிலேயே நாலு குமார். பாவம், எவனோ ஒருவன் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு போலீஸ்காரரின் குரல் கேட்டது. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்போல.

"காலைலேந்து இது அஞ்சாவது குமாரும்மா. நாலு குமாரு இங்கியே குந்தினுகீறான், பாரு. அப்பா பேரைச் சேத்துச் சொன்னாத்தான் புள்ளைக்குத் தெரியும். அப்பா பேரு இன்னா?"

ஒலிபெருக்கிக் கரகரப்பில் ஒரு பெண் குரல் இழுத்தது.

"அவங்க பேருங்களா... அஞ்சுக்கு அப்பறம் வருமே, அது. அது கூட முகம்."

"இன்னாமா நீ, புள்ளயக் காணோன்னுட்டு வெடுகதை போட்டுகினுகீற?"

பஜ்ஜிக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் வீட்டு அம்மாவோ, நல்ல தமாஷ் என்று நினைத்தேன்.

"எழுதிக் காட்டட்டுங்களா சார்?"

"எழுதினா உம்புள்ள காதுல உழுமா? பொழுது சாயப்போவுதும்மா. கடலு அந்தாண்ட கீது."

பிறகு அதே குரல், நான் அதுவரை கேட்டிராத உச்சத்தில் வந்தது.

"ஆறுமுகம்! ஆறுமுகம்! தாம்பரம் ஆறுமுகம்!"

அப்போதுதான் அது அம்மாவின் குரல் என்று தெரிந்தது. பஜ்ஜியை மறந்துவிட்டேன். அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அப்பா காணாமல்போய்விட்டார்! பொறுப்புள்ள மகனாகச் சத்தம் வந்த திசையில் ஓடினேன். பந்தலுக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கக் கேட்டேன்.

"அப்பா எங்கம்மா தொலஞ்சாரு?"

முதுகில் ஒன்று விழுந்தது. அடுத்த நொடி இடுப்போடு சேர்த்து இறுக்கினாள். எலும்பெல்லாம் வலித்தது. நாலு குமார்களும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஓடிவந்தார். மடித்த பேண்ட் அவிழ்ந்து, நனைந்து, மணல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். பிறகு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்ட்டியா?" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

"கூப்ட்டாங்களாவா? ஊருக்கே கேட்டுச்சு சார்" என்றார் போலீஸ்காரர்.

அந்த மாதத்திலிருந்து அம்மா கிருத்திகை விரதம் இருக்க ஆரம்பித்தாள். நான் உயிரோடு கிடைத்ததற்கு நன்றிக்கடன் என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொண்டேன். எனக்காக ஒருத்தி மாதாமாதம் பட்டினி கிடக்கிறாள் என்றால் சும்மாவா? கல்யாணமான பிறகு என் மனைவியிடமும் அந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அத்தைதான் சிரித்தாள்.

"ஒனக்காகன்னு யாருடா சொன்னா? புருஷன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு நம்புறவ எங்க அண்ணி. மெதுவாச் சொன்னாலே கொறையும், நான் மைக்ல கத்திட்டேனே, எத்தினி வருஷம் போச்சோன்னு எங்கிட்ட அழுவா. அதுக்குத்தான்டா அந்த வெரதம்."

அப்பா எழுபத்தொன்பது வரை இருந்தார். மைக் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

அத்தை சொன்னபோதுதான் அன்றைக்குத் திரும்பிய ரயில் ஞாபகம் வந்தது. தாம்பரம் லோக்கலில் எங்களை ஜன்னலோரம் அடைத்து உட்காரவைத்துவிட்டு அம்மா மறுபடி எண்ணினாள். அப்பா வழக்கம்போலக் கதவோரம் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்.

"அஞ்சு?"

"இருக்கேன்."

"ம்க்கும்?"

"இருக்கேன்மா!" என்று பெட்டியே அதிரக் கத்தினேன்.

"ஏழு?"

"இருக்கேன்."

அதோடு நிறுத்தவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, "எட்டு?" என்றாள், ரொம்ப மெதுவாக. அப்பா உள்ளே வந்து உட்காரும்வரை பார்வையை எடுக்கவில்லை.

நாம் ஏழு பேர்தானே, அம்மாவுக்குக் கணக்கே வராது என்று தங்கை காதில் சொல்லி, மீனம்பாக்கம் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.