ஹெட்போனின் இடது பக்கம்

ஒரு திங்கட்கிழமை காலையில் என் ஹெட்போனின் இடது பக்கம் செத்துப்போனது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

எழுந்ததிலிருந்தே காதில் தண்ணீர் புகுந்ததுபோல் ஓர் அடைப்பு இருந்தது. கூடவே, அடுப்பில் எண்ணெய் காயும் சத்தம்போல் ஒரு 'உஸ்'. முந்தின நாள் குளித்தபோது புகுந்த தண்ணீராக இருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டு மாடிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் இசையமைப்பாளன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. எங்களுடையது போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம். சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்துப் பழகி, அப்பா கடைக்குக் கூப்பிடக் கூப்பிடச் சென்னைக்கு ஓடினேன். அடுத்தவர்களின் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தே ஒன்பது வருடம் போனது. அப்புறம் இரண்டு படங்களுக்கு இசையமைத்தேன். ஒன்று மூன்று நாள் ஓடியது. இன்னொன்று பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. எனக்குச் சோறு போட்டது தொலைக்காட்சித் தொடர்கள்தான். மாமியார் கதவைத் திறந்தால் ஓர் இசை, மருமகள் கண்ணைத் துடைத்தால் ஓர் இசை. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அது ஓடியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் போடிக்கே திரும்பி வந்து மாடி அறையை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டேன். காலை பத்து மணிக்கு அன்றைய அத்தியாயம் இணையம் வழியாக வரும். மூன்று மணிக்குள் பின்னணி இசை சேர்த்து அனுப்பிவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் அடுத்த ஆள் தயாராக நிற்பார்.

அதனால் அன்று எனக்கு வந்தது எரிச்சல் மட்டுமே. ஹெட்போனின் ஒயரை மாற்றினேன். கணினியிலிருந்து ஒலியை ஹெட்போனுக்குக் கொண்டுவரும் பெட்டியைக் கழற்றினேன். பழைய பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி மாட்டினேன். இடது பக்கம் வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை ஹெட்போனைச் சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொரியரில் அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் வேலை பார்த்தேன். அங்கேயும் இடது பக்கம் மங்கலாகத்தான் கேட்டது. கொஞ்சம் கூட்டி வைத்தேன். போதவில்லை, இன்னும் கூட்டினேன்.

என் மனைவி எஸ்தர் பள்ளியில் கணக்கு ஆசிரியை. காபியோடு மேலே வந்தவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஹெட்போனும் ரிப்பேரு, ஸ்பீக்கரும் ரிப்பேரா? ஒரே வாரத்துல எப்படி ரெண்டும் போகும்?"

"வோல்டேஜ் ஏறி எறங்குதுல்ல. எல்லாம் அடிவாங்கும்" என்றேன். போடியில் எந்தப் பழுதுக்கும் இந்தக் காரணம் செல்லும்.

புதன்கிழமை மதியம் சென்னையிலிருந்து எடிட்டர் கூப்பிட்டார். போனை எடுத்து வழக்கம்போல் இடது காதில் வைத்தேன். எதிர்முனையில் ஆளே இல்லை. வலது காதுக்கு மாற்றியதும் அவர் பாதிப் பேச்சில் இருந்தார்.

"...வயலின் மொத்தமும் லெஃப்ட்ல போய் கத்துது சார். நேத்து எபிசோட் அப்படியே டெலிகாஸ்ட் ஆயிடுச்சு. டைரக்டர் கேக்குறாரு, சாருக்கு என்ன ஆச்சுன்னு."

போனை மறுபடி இடது காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. போனுக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தம் கிடையாது.

பள்ளிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் எஸ்தர் லீவு சொல்லிவிட்டு வந்து என்னைத் தேனிக்கு அழைத்துப் போனாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் இளம்வயதுப் பெண். டியூனிங் ஃபோர்க்கை (தட்டினால் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்தார்.

"இது சி-க்குக் கொஞ்சம் கீழ இருக்கு டாக்டர்" என்றேன். பயத்திலும் வித்துவத்தனம் என்னை விடவில்லை.

"அது எனக்குத் தெரியாது சார். எந்தக் காதுல கேக்குது?"

வலது காதில் மட்டும்தான் கேட்டது. நெற்றியின் நடுவில் வைத்த கவை முழுக்க வலப்பக்கம் போய் ஒலித்தது.

ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் உள்ள ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். வலது காதின் கோடு தாளின் மேலேயே ஓடியது. இடது காதின் கோடு அடியில் கிடந்தது. உள்காதின் நரம்புப் பகுதியில் கோளாறு என்றார் மருத்துவர். சடன் ஹியரிங் லாஸ் (ஒரு காது சொல்லாமல் கொள்ளாமல் கேளாமல் போவது) என்று அதற்குப் பெயர்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு சார்?"

"நேத்துல இருந்து" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

"இல்ல டாக்டர்" என்றாள் எஸ்தர். "இவுக திங்கக்கெழம காலைலயே ஒயரை மாத்திக்கிட்டு இருந்தாக. நேத்து ஹெட்போனக் கொரியர்ல அனுப்பிட்டு வந்தாக."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். "மாரடைப்பு வந்தா மூணு நாள் வீட்ல இருப்பீங்களா சார்? இதுக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கு. சீக்கிரம் மருந்து போனாத்தான் திரும்ப வர்ற வாய்ப்பு." பிறகு, கண்டிப்பே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "ஹெட்போனத் திருப்பி மாட்டிப் பாத்தீங்களா?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஒலித்துறையில் முதல் நாள் சேர்ந்தவருக்கும் தெரிந்த சோதனை அது. ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்ட வேண்டும். அமைதி வலது காதுக்கு நகர்ந்தால் கோளாறு ஹெட்போனில். நகராமல் இடது காதிலேயே நின்றால் கோளாறு காதில். அதற்கு அரை நொடி போதும். மூன்று நாளில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய நான் இதை மட்டும் செய்யவில்லை.

மறந்துவிட்டேன் என்று எஸ்தரிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையிலேயே என் கை ஹெட்போனைத் திருப்பப் போனது. பாதியில் நிறுத்தி மேசைமேல் வைத்துவிட்டேன். விடை என்னவாக இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு காது திடீரென்று அடைத்தால், அழுக்கு, சளி, ஒயர் என்று காரணம் தேடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரை தொடங்கினார்கள். சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது. ஏற்கெனவே மூக்குமேல் கோபம் உள்ளவன் நான். அந்த வாரம் எஸ்தர் எப்படி என்னோடு இருந்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். குழாய்க்குள் படுத்தபோது இயந்திரம் தடதடவென்று அடித்தது. இருபது வருடமாகத் தாளம் எண்ணிப் பிழைத்தவன், அந்தத் தாளத்தை எண்ண முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டி இல்லை என்று முடிவு வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று எடுத்த ஆடியோகிராமில் இடது கோடு அதே அடியில் கிடந்தது.

அடுத்து ஊசி. செவிப்பறையின் வழியாகவே மருந்தை உள்ளே செலுத்துவார்கள். பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கவும் கூடாது. நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்தால் ஆயிரத்து எண்ணூறு தட்டு, நான்கு நான்காக எண்ணினால் நானூற்றைம்பது சுற்று. எஸ்தர் என் கையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தாளம் வராது, வேகம் கூடிக்கொண்டே போனது. அப்படியே போகட்டும் என்று கிடந்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பின் ஒரு காலையில் சமையலறைக்குள் போனேன்.

"ஏன் ரெண்டு குக்கர் வச்சிருக்க?"

"ஒண்ணுதானங்க வச்சிருக்கேன்."

எனக்கு இரண்டு விசில் கேட்டது. ஒன்று சரியான சுருதியில், இன்னொன்று அதற்குக் கீழே, நசுங்கிப்போய். மாடிக்கு ஓடிக் கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்தினேன். இரண்டு ஸ்வரம் ஒன்றோடொன்று சண்டை போட்டன. டிப்ளாகுசிஸ் (ஒரே ஸ்வரம் இரண்டு காதுகளில் இரண்டு சுருதியாகக் கேட்பது) என்றார் மருத்துவர். காது திரும்பி வரும்போது சிலருக்கு இப்படி ஆகுமாம், நல்ல அறிகுறியாகவும் இருக்கலாமாம். எனக்கு அது கேளாமையைவிடப் பயங்கரமாக இருந்தது. செவிடாகிவிட்டால் நினைவில் உள்ள பாட்டையாவது வைத்துக்கொள்ளலாம். இதுவோ எல்லாப் பாட்டையும் கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பாடல் தொடங்கியதும் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன்.

தெருவும் பயமுறுத்தியது. இரண்டு காதும் சேர்ந்தால்தான் சத்தம் வரும் திசை தெரியும். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஹார்ன் கேட்டு வலப்பக்கம் பார்த்தேன். பஸ் இடப்பக்கத்திலிருந்து வந்தது. எஸ்தர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. அன்றிலிருந்து அவள் என் இடப்பக்கம்தான் நடக்கிறாள்.

எடிட்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "லெஃப்டை நான் பாத்துக்கிறேன் சார், நீங்க அனுப்புங்க" என்றார். அந்தத் தொடர் கையை விட்டுப் போகவில்லை. அடுத்த தொடருக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள்.

ஏழாவது வாரம் கடைசி ஆடியோகிராம் எடுத்தார்கள். இடது கோடு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டு சுருதிகளும் நெருங்கி வந்து ஏறக்குறைய ஒன்றாகியிருந்தன. மேல் ஒலிகள் மட்டும் வரவில்லை. ஜால்ரா, வயலினின் உச்சி, சில்வண்டு எல்லாம் அந்தப் பக்கம் இனி இல்லை. "இனி பெருசா மாறாது சார்" என்றார் மருத்துவர். மறுபடி வருமா, வலது காதிலும் வருமா என்று கேட்டேன். "பெரும்பாலும் வராது" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன்.

அந்த வாரமே சென்னையிலிருந்து பார்சல் வந்தது. எஸ்தர் பிரித்தாள். ஹெட்போனோடு ஒரு சீட்டு இருந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். 'இரு பக்கமும் சரியாக இயங்குகிறது. பழுது ஏதும் இல்லை.'

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாட்டி, ஒரே ஒரு ஸ்வரத்தை ஓடவிட்டேன். இடது பக்கம் மங்கலாக இருந்தது. கழற்றித் திருப்பி மாட்டினேன். மங்கல் நகரவில்லை, இடது காதிலேயே நின்றது.

இப்போது தினமும் பத்து மணிக்கு அத்தியாயம் வருமுன் இதைச் செய்கிறேன். முன்பெல்லாம் தொடர் முடியும் வருடத்தைக் கணக்குப் போட்டு வாழ்ந்தவன், இப்போது மறுநாள் பத்து மணி வரைக்கும்தான் போடுகிறேன். எஸ்தர் பள்ளி விடுமுறை நாட்களில் படியில் நின்று குரல் கொடுப்பாள்.

"திருப்பிட்டீகளா?"

"திருப்பிட்டேன்."

"வலது?"

"இருக்கு."

அவள் இறங்கிப் போவது கேட்கும். நாளை என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்து மறுபடி மாட்டுவதற்குள் உள்ள அந்த அரை நொடியில், திங்கட்கிழமை இருந்த அதே பயம் இன்றும் வருகிறது. கை பாதியில் நின்றும்விடுகிறது. நின்ற கையை அசைத்துத் திருப்பி மாட்டிக்கொள்கிறேன்.