மஞ்சள் கவுனோடு பெங்களூருக்கு

கிருஷ்ணகிரி பயணியர் பங்களாவிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டிய வேன், பத்தே முக்காலுக்குத்தான் புறப்பட்டது. அதன் பின் ஜன்னலில் ஒரு கல்யாணக் கவுன் மஞ்சள் நீர் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது எப்படி மஞ்சளாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போலந்து நாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. தங்கள் நாட்டு உடைகளை உடுத்தி மேடையில் நடந்து காட்டுவது அவர்கள் வேலை. இரண்டு தேசங்கள் சிநேகமாக இதுவும் ஒரு வழி என்று அரசாங்கங்கள் தீர்மானித்திருக்கின்றன. சென்னையில் காட்டியாயிற்று, அன்று மாலை ஆறு மணிக்குப் பெங்களூரில். வழியில் கிருஷ்ணகிரியில் ஓர் இரவு தங்கல். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என்னை, இங்கிலீஷ் பேசுவான் என்று துணைக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். இங்கிலீஷ் வராது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காலையில் உடைகள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தால், முந்தின நாள் கோடை மழை உள்ளே இறங்கி, வெள்ளைப் பட்டுக் கவுனின் ஓரத்தில் துருக்கறை. அவர்கள் வழக்கப்படி மணப்பெண் உடைதான் கடைசியாக மேடைக்கு வரும். அதோடுதான் காட்சி முடியும். குழுத் தலைவி ஆன்னா அம்மையார் அதைக் கையில் ஏந்தியபடி என்னைப் பார்த்தார். நான் பங்களாக் காவலரின் மனைவி முனியம்மாளிடம் ஓடினேன். கறை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

“அக்கா, கல்யாணப் பொண்ணு உடுத்தறது. பாத்துப் பத்திரமா அலசிக் குடுங்க.”

சொன்னது அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்துப் போனால், வேலியில் கவுன் முழுசும் மஞ்சளாகத் தொங்குகிறது.

“என்னக்கா இது!”

“என்ன தம்பி, என்ன? கறை போச்சா இல்லியா, பாரு. வெறும் வெள்ளையவா பொண்ணுக்கு உடுத்துவாங்க, தாலியறுத்தவளாட்டம்? வூட்ல இருந்த மஞ்சளப் பூரா அரைச்சு முக்கிட்டேன்.”

ஆன்னா அம்மையார் கத்தவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கவுனில் தைத்திருந்த லேஸ் அவருடைய ஊர்ப் பெண்கள் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து பின்னியதாம். “திரும்பிப் போய் நான்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்,” என்றார். முனியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்று ஆன்னா அம்மையாரிடம் சொன்னேன். அது நிஜம். பெங்களூர் போவதற்குள் வெளுக்குமா என்று கேட்டார். “வெளுக்கும்,” என்றேன். அது எனக்குத் தெரியாது.

டிரைவர் கெம்பண்ணன் ஓசூர்க்காரர். கவுனை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டே, “சண்டைன்னா சிப்பாயி, சமாதானம்னா பாவாடையா? பரவால்லீங்க சாமி, இதுக்கு ரேஷன் கம்மி,” என்றார்.

பதினொன்றேகால். குருபரப்பள்ளி, என் சொந்த ஊர். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேன் நின்ற இடத்திலேயே, ரோட்டோரம் மாம்பழக் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார் என் சித்தப்பா. முதலில் மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு எனக்குப் பின் ஸீட்டில், அந்தக் கவுனை உடுத்த வேண்டிய பெண் ஹெலேனாவை.

“டேய் மாதையா, உங்கப்பனுக்குச் சொன்னியாடா?”

“என்ன சொல்லணும் சித்தப்பா?”

“மஞ்சத்துணி வண்டியில தொங்குது, பொண்ணு வண்டிக்குள்ள குந்தியிருக்குது. நான் என்ன குருடனா?”

“ஐயோ, இது ஆபீஸ் வேலை சித்தப்பா!”

“கண்ணாலம் பண்ணி வெக்கிறதுக்குமா ஆபீஸ் வந்துடுச்சு?”

கெம்பண்ணன் சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குடம் பாதி கீழே கொட்டியது. சித்தப்பா ஒரு கூடை மாம்பழத்தை ஹெலேனாவின் மடியில் வைத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அப்பா காதுக்குச் சேதி இன்றைக்கே போய்விடும்.

சூளகிரியைத் தாண்டியதும் வெயில் போயிற்று. மலைப்பக்கமிருந்து மேகம் வந்து ரோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆன்னா அம்மையார் வானத்தைப் பார்ப்பதும் கவுனைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். நான் மைல்கற்களை வெறித்துக்கொண்டிருந்தேன். மைல் குறையக் குறைய மஞ்சள் குறையவில்லை. காய்ந்த இடத்தில் இன்னும் ஏறித் தெரிந்தது.

ஒரு மணிக்கு ஓசூர். தூறல். கிருஷ்ணகிரியிலிருந்து முப்பத்திரண்டு மைல்தான், ஆனால் காற்று வேறு ஊர்க் காற்று. கவுனை அவசரமாக உள்ளே இழுத்தோம். டீ ஓர் அணா. டீக்கடைக்காரர் தெலுங்கில் “பெள்ளி எவரிதி?” என்று கேட்டு, சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டார். எல்லை கடந்து அத்திப்பள்ளியில், மைசூர் ராஜ்யப் போலீஸ்காரர் வேனுக்குள் தலையை விட்டார். பெட்டிகளைக் குடைவார் என்று பயந்தேன். அவர் துணியைப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் “மதுவே யார்தப்பா?” என்று சிரித்துக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

“எல்லோரும் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?” என்றார் ஆன்னா அம்மையார்.

“யாருக்குக் கல்யாணம் என்று.”

“மூன்று பேருமா?”

“மூன்று பாஷையில்.”

அவர் மடியில் கிடந்த கவுனை உதறி விரித்தார். பிறகு, “சென்னையில் நன்றாகக் கை தட்டினார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை,” என்றார்.

மூன்றரைக்குப் பெங்களூர் மண்டபம் போய்ச் சேர்ந்தோம். ஏற்பாடு செய்த அதிகாரி கவுனைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “கடைசி உடை வேண்டாம். அதற்கு முந்தினதோடு முடித்துவிடுங்கள். சாயம் ஏறிய துணியை மேடையேற்றினால் யாருக்கு மரியாதை?” என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். நான் தங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஆன்னா அம்மையார் அவரை ஒன்றே ஒன்று கேட்டார்: “கல்யாணத்தன்று உங்கள் மனைவி வெள்ளையா உடுத்தியிருந்தார்?”

அதிகாரி, “உங்கள் பொறுப்பு,” என்று சொல்லிப் போய்விட்டார்.

திரைக்குப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். ஒவ்வோர் உடைக்கும் அளவாகக் கைதட்டல். கடைசியில் ஹெலேனா. கவுன் இன்னும் ஈரம் காயாததால் மஞ்சள் அவள் கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டியிருந்தது, நலங்கு வைத்த பெண்ணைப் போல. கைதட்டல் நின்றுவிட்டது. ஆன்னா அம்மையார் என் கையை வலிக்கப் பிடித்தார். முன் வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, தன் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி, மேடை ஓரத்துக்கு வந்து அவளிடம் நீட்டினார். அந்தப் பெண் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அம்மாள் குனியச் சொல்லித் தாமே வைத்துவிட்டார். அப்புறம்தான் கைதட்டல் வந்தது, நிற்கவே இல்லை.

அதிகாரியின் நன்றியுரையில் எல்லா உடைக்கும் பெயர் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை.

“வெயில் பட்டால் போய்விடும் என்றீர்களே, நிஜமா?” என்றார் ஆன்னா அம்மையார், கவுனை மடித்துக்கொண்டே.

“நிஜம்தான்.”

“வெயில் படாமல் சுற்றிவைக்க ஏதாவது இருக்கிறதா?”

பெங்களூர்க் குளிருக்கென்று அப்பா கொடுத்தனுப்பிய கருப்புக் கம்பளி என் தோளில் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஓசூர் வரை நடுங்கினேன். சோதனைச்சாவடியில் எங்கள் பக்கத்து மதுவிலக்குப் போலீஸார் எல்லோர் பையையும் குடைந்தார்கள். மைசூரிலிருந்து என்ன கொண்டுவருகிறாய் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். என்னவோ ஒளித்து வைத்தவனைப் போலப் பையை அவசரமாக மூடினேன்.

மறுநாள் பங்களாவில் முனியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு எப்படி இருந்துச்சு தம்பி?”

“நல்லா இருந்துச்சுக்கா. மஞ்ச கழுத்துல, கையிலெல்லாம் ஒட்டிக்கிச்சு.”

“ஒட்டத்தான் வேணும். உன் கம்பளி எங்க?”

“பொண்ணோட போயிடுச்சு.”

“சீரா? நல்லது,” என்று வாளியைக் கீழே வைத்தார். “மாப்பிள்ள எந்த ஊரு?”

வழி நெடுக, இது கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லை என்று சொல்லி எனக்கு வாய் ஓய்ந்திருந்தது.

“நம்ம பக்கந்தான்க்கா,” என்றேன்.