‘ஊர் மக்கள்’ என்று கையெழுத்திடாத றஸீனா டீச்சர்

நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ காலமான ஜனாஸா அறிவித்தல் தொடங்கியது. மர்ஹூம் இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும் என்று மூன்று ஆண்களின் பெயர்கள் வந்தன. ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த எனக்கு அதுவரை யாரென்று விளங்கவில்லை. கடைசியில்தான் றஸீனா டீச்சரின் பெயர் வந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். இனி யார் முன்னால் நிற்பார் என்ற பயம். டீச்சரை அறிந்த உங்களிடம் அதை மறைக்க எனக்கு மனமில்லை.

கரைத்தீவுப் பாடசாலையில் பதினொரு வருடம் ஒரே மேசையில் இருந்து இருவரும் தமிழ் படிப்பித்தோம். அவரது குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது, எங்களது யாழ்ப்பாணத்திலிருந்து. தொண்ணூறில் முஸ்லிம்கள் என்பதற்காக ஊரோடு ஊராகத் துரத்தப்பட்ட பிள்ளைகள் நாங்கள். அகதி முகாமில் எங்களை எண்ணியதும் குடும்பமாகத்தான், ஏசியதும் கூட்டமாகத்தான்.

ஒருமுறை மீலாத் விழாவுக்காகப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதைத் திறந்தாலும் ‘எமது சமூகத்தின் தனித்துவம்’. டீச்சர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்: “ஏன் புள்ள, ஓராளுக்குத் தனித்துவம் இருக்கெண்டு ஒரு புள்ளையாச்சும் எழுதியிருக்கா?” இல்லை என்றேன். “ஊருக்கெண்டா தனித்துவம். அதே ஒரு பொம்புளைக்கெண்டா தனிப்போக்கு, திமிரு, ஒத்தையில நிக்கிறாள் எண்ட கதை.” அடுத்த பாடத்தில் ‘தனி’ என்று தொடங்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எது புகழ்ச்சி, எது ஏச்சு என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னார். தனிமை, தனியாள், தனித்தவள் எல்லாம் ஏச்சுப் பக்கம் போயின. மணியடித்ததும் அழித்துவிட்டு வந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் பாடசாலைக் கிணறு கரிக்கத் தொடங்கியது. பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள் கழிவு வாய்க்காலை எங்கள் மதிலோரமாக வெட்டியிருந்தார்கள். பிள்ளைகளின் கைகளில் சொறி வந்தது. ஊர் கூடி முறைப்பாடு எழுதியது. அதற்கு எங்களிடம் முகாம் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு: கையெழுத்துகளை வட்டமாக இடுவோம். முதற்பெயர் யாருடையது என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அடியில் ‘இப்படிக்கு, ஊர் மக்கள்’ என்று எழுதுவோம். அரசாங்கக் கந்தோரில் அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள். விசாரணைக்கு அழைக்க ஓராள் வேண்டும், அவருடைய பெயரும் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும் என்றார்கள். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் டீச்சர் தாமே ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். முதற்சொல் ‘நான்’. அடியில் அவருடைய பெயர். அதற்குக் கீழே எனக்கு இடம் விட்டிருந்தார். “நீங்களும் வைங்க. ரெண்டு பேரெண்டா கொஞ்சம் பயம் குறையும்,” என்றார். பேனையைத் திறந்தேன். பிறகு, “வீட்ட கேட்டுட்டு வாறன் ராத்தா,” என்று மூடினேன். என் கணவர் சொன்னார்: “ஊர் ஓடினா ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு. உனக்கு என்னத்துக்கு இந்த வேல?” உண்மையைச் சொன்னால், அவர் மறுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு விட்ட இடம் வெறுமையாக இருக்கவே அந்தக் கடிதம் போனது.

பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வரத் தொடங்கியது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு டீச்சரின் படலைக்கு முன்னால் நிற்கும். அதில் இருந்தவன் ஒன்றும் பேசமாட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவான். ஏசினாலாவது திருப்பி ஏசலாம். “ஏன் டீச்சர் தனியப் போனீங்க?” என்று கேட்டார்கள், அவரைத் தனியே விட்டவர்களே. டீச்சர் படலைக்கு இரண்டு பூட்டுப் போட்டார். ஜன்னலோரக் கட்டிலைச் சுவர்ப் பக்கம் இழுத்தார். பள்ளிக்கூடம் விட்டால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஒழுங்கை முனைவரை நடப்பார். அவரது உள்ளங்கை ஈரமாக இருக்கும். இரங்கல் கூட்டத்தில் அவரை வீரப்பெண் என்றவர்களுக்கு அந்தக் கை தெரியாது.

“பயமில்லையா எண்டு கேக்காதீங்க. பயந்து சாகிறன்,” என்றார் ஒருநாள். “ஆனா ஊரெல்லாம் சேர்ந்து பயந்தா, பயந்தது யாரெண்டே தெரியாமப் போயிடும். ஓராளாச்சும் பேரோட பயப்படட்டுமே.”

அவர் நெஞ்சுவலியில் போனார். இருதய வருத்தம் பழையது. யார் மீதும் பழி போட நான் இதை எழுதவில்லை. ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு கந்தோரிலிருந்து பாடசாலை அதிபருக்குக் கடிதம் வந்தது. முறைப்பாட்டாளர் காலமாகிவிட்டதால் விசாரணைக் கோவை மூடப்படும், வேறொருவர் தம் பெயரில் தொடர விரும்பினால் மாத முடிவுக்குள் நேரில் வரலாம் என்றிருந்தது. அதிபர் அதை ஆசிரியர் அறை மேசையில் வைத்தார். எல்லோரும் வாசித்தார்கள். யாரோ அதன் மேல் வரவுப் பதிவேட்டைத் தூக்கி வைத்தார்கள். நான் அதை எடுக்கவில்லை. மாதம் முடிய ஐந்து நாட்கள் இருக்கும்வரை எடுக்கவில்லை. கிணறு இன்னும் கரிக்கிறது.

டீச்சரின் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அது அவரிடமும் இருக்கவில்லை. தைரியம் வரும்வரை காத்திராமல் ஒருவர் தன் பெயரைச் சொல்லலாம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

முந்தாநாள் கந்தோருக்குப் போனேன். வீட்டில் கேட்கவில்லை. உத்தியோகத்தர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஊர்ல இருந்து எத்தன பேர் வந்தீங்க?”

“நான் மட்டுந்தான்.”

“பேர்?”

சொன்னேன்.

“கேக்கல்ல,” என்றார்.

“சுலைஹா. அப்துல் காதர் சுலைஹா.”