பூ நோட்டு

அந்தப் பத்து ரூபாயை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். விடுமுறையில் வந்திருந்தார். வாசலில் மீன் வாங்கிவிட்டு, மீன்கார அக்கா கொடுத்த மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுத்தேன். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த நோட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்தவர், ஒன்றை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இங்க பாரு, எழுத்துக்கும் நம்பருக்கும் நடுவுல" என்றார். வரிசை எண் ஓடுகிற இடத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தது. மீன் செதிள் ஒட்டியிருந்த அந்த நோட்டில் எனக்கு அது நட்சத்திரமாகத் தெரியவில்லை. "ஏதோ பூ மாதிரி இருக்கு மச்சான்" என்றேன். எங்கள் பெரியபட்டினம் பக்கம் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பூ நோட்டு என்றே பெயராகிவிட்டது. ஊரே ஸ்டார் நோட்டு என்று சொல்லும்போதும் எனக்கு வாயில் வருவது பூ நோட்டுதான்.

அது என்ன நோட்டு என்று அவரே விளக்கினார். அச்சடிக்கும்போது ஏதாவது ஒரு நோட்டு கெட்டுப்போனால் அதை எடுத்துவிடுவார்களாம். நோட்டுக் கட்டில் ஒன்று குறையக்கூடாது என்பதற்காக, அந்த இடத்தில் நட்சத்திரம் போட்ட வேறொரு நோட்டை வைப்பார்களாம். "இல்லாத ஒருத்தனுக்குப் பதிலா வந்து உக்கார்ற நோட்டு" என்று சொன்னார். கல்யாணமான நாள் முதல் அவர் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்த அலுப்புத் தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப உங்களுக்குப் பதிலாவும் ஒரு ஆளு வந்து உக்காந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சவூதியில் அவர் தங்கியிருந்த அறையில் யாரோ ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி நோட்டு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று ஒருவன் கூவிக்கொண்டிருந்தானாம். மச்சான் எதையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்ப ஒரு வழி இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவார். பூ நோட்டுகளைச் சேர்த்து நல்ல விலைக்கு விற்பது, அந்தப் பணத்தில் ஒரு லோடு ஆட்டோ வாங்குவது, பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு மீன் ஏற்றிக்கொண்டு ஊரோடு இருந்துவிடுவது, இதுதான் அவர் போட்ட கணக்கு. "இது மட்டும் வெலைக்குப் போச்சுன்னா, நான் எதுக்கு அங்கன போய்க் கெடக்கணும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருடைய கட்சியில் சேர்ந்துகொண்டேன். எனக்கு லட்சமும் வேண்டாம், லோடு ஆட்டோவும் வேண்டாம், அவர் இருந்தால் போதும் என்றிருந்தது.

அவர் போன பிறகு நோட்டுப் பார்ப்பது என் வேலையானது. மளிகைக் கடைக் காக்கா, எங்கள் பேச்சில் அண்ணன், மீதி கொடுத்தால் கடை வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். "என்னம்மா, கள்ள நோட்டா குடுத்துட்டேன்?" என்று அவர் கேட்பார். பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மச்சான் போன் செய்வார். அதற்கு முன்பெல்லாம் எங்கள் பேச்சு பணம் வந்ததா, பிள்ளை சாப்பிட்டாளா, மாமிக்கு மருந்து வாங்கியாயிற்றா என்பதோடு முடிந்துவிடும். ஆசையாகத்தான் போனை எடுப்போம். எடுத்த பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பூ நோட்டு வந்த பிறகு அது மாறிப்போனது. ஒரு நோட்டு கிடைத்தது என்று சொன்னால், யார் கொடுத்தது என்று கேட்பார். யார் என்று சொன்னால், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். உத்தரகோசமங்கையிலிருந்து காய்கறி கொண்டுவருகிற அம்மா ஒரு இருபது ரூபாய் கொடுத்தார் என்று ஆரம்பித்தால், அந்த அம்மாவின் மகன் படிப்பு, அந்த வருடத்து மிளகாய் விலை, கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவர் செருப்பைத் தொலைத்தது வரைக்கும் போகும். கருவாட்டுக் கூடையை ஏற்றக்கூடாது என்று கண்டக்டர் சண்டை போட, கூடைக்காரர் கூடைக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டு அடம்பிடித்த கதையை நான் நடித்தே காட்டினேன். எனக்குப் பேச வரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவரும் பேசினார். பாலைவனத்தில் லாரியை நிறுத்திவிட்டுத் தனியாகச் சோறு தின்பதைப் பற்றி, மழை வாசனை மறந்துபோய்விட்டதைப் பற்றி. அதையெல்லாம் நேரில் அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

அடுத்த விடுமுறையில் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊரில் 786 என்று முடிகிற நோட்டு கையில் வந்தால் யாரும் செலவழிக்கமாட்டார்கள். பிஸ்மில்லாவுக்கு உரிய எண் என்று பரக்கத்துக்காக, வந்த செல்வம் நிலைப்பதற்காக, லேமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டிவைப்பார்கள். நல்ல நோட்டு என்றால் லேமினேஷன் செய்யவேண்டும் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். உப்புக் காற்றில் பீரோவே துருப்பிடிக்கிற ஊரில், காகிதம் என்ன கதியாகும் என்று மச்சான் கவலைப்பட்டார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எல்லாவற்றையும் எடுத்துப்போய், பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு வந்தார். ஓரத்தைக்கூடக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டியிருந்தார். "இனிமே கடக்காத்து ஒண்ணும் செய்யாது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன்.

மறுவாரம் மதுரைக்குப் போனோம். பழைய நாணயம் வாங்கி விற்கிறவர் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போகிற வழியெல்லாம் லோடு ஆட்டோவுக்கு என்ன நிறம் என்று பேசிக்கொண்டு போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். உறைகளைப் பார்த்ததுமே அவர் முகம் போன போக்கில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. "பாய், ஏன் பாய் இப்படிப் பண்ணுனீங்க?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மாற்று நோட்டு என்பது ஒன்றும் அபூர்வம் இல்லையாம், கட்டுக் கட்டாக வருகிறதாம். ஏதாவது ஒரு வருடத்தில் குறைவாக அச்சடித்ததாக இருக்கவேண்டும். அதிலும் மடிப்பு விழாமல், கை படாமல், வங்கியிலிருந்து வந்த மேனிக்கு இருக்கவேண்டும். அப்படி இருந்தால் சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவார்கள். "லட்சம் லட்சம்னு விக்கிறவன்தான் சொல்லிக்கிட்டு இருக்கான். வாங்குனவன் எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்றார். எங்களுடையவை மீன் கூடையிலும் கண்டக்டர் பையிலும் புழங்கிய நோட்டுகள். உறை போடாமல் இருந்திருந்தால் அதன் மதிப்புக்காவது செலவழித்திருக்கலாம், இப்போது கடையில்கூட யோசிப்பார்கள் என்றார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் எங்களை அனுப்பினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பரமக்குடி தாண்டியதும் என்னைப் பார்க்காமலே, "இன்னும் ஒரு ரெண்டு வருஷம் போயிட்டு வந்துர்றேன்" என்றார். சரி என்றேன். நோட்டு போனதற்கு நான் அழவில்லை. ஆட்டோவுக்கு நீல நிறம் என்று முடிவு செய்திருந்தோம், அதை நினைத்துத்தான் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை எனக்குப் பயமாக இருந்தது. இனி என்ன பேசுவார்? பழையபடி மருந்து, சாப்பாடு என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன். எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, "பூ நோட்டு ஏதாச்சும் வந்துச்சா?" என்றார். "அதான் விக்காதுன்னு ஆயிருச்சே மச்சான்" என்றேன். "விக்கிறதுக்கு யாரு கேட்டா? வந்துச்சான்னுதான் கேட்டேன்" என்றார். வந்திருந்தது. யார் கொடுத்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிந்ததும் அந்த நோட்டைக் கடையில் கொடுத்துச் சீனி வாங்கினேன். இரண்டு வருடம் என்று போனவர், மகளுக்குக் கல்யாணமாகி, பேத்தி நடக்கும்வரை அங்கேயே இருந்தார். வெள்ளிக்கிழமைகளும் அப்படியே நடந்துகொண்டிருந்தன.

எங்கள் கதை ஊருக்குத் தெரியும் என்பதால் இன்றும் யாராவது அக்கா முறை சொல்லி வந்து கேட்கிறார்கள். "லாத்தா, எங்கிட்ட ஒரு ஸ்டார் நோட்டு இருக்கு, எம்புட்டுக்குப் போகும்?" இருபது ரூபாய் நோட்டு இருபது ரூபாய்க்குப் போகும், போய் மீன் வாங்கிக் குழம்பு வை என்று சொல்லி அனுப்புகிறேன். நாங்கள் உறை போட்டு வைத்த பணத்தைக் கடைவீதியில் நகைச் சீட்டில் போட்டிருந்தால் பேத்திக்கு ஒரு ஜோடி கம்மலாவது தேறியிருக்கும். இதில் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சென்ற வருடம் மச்சான் ஒரேயடியாக வந்துவிட்டார். முழங்கால் வலியால் இனி லாரியில் ஏற முடியாது. நான் கல்யாணமான நாளிலிருந்து அல்லாவிடம் கேட்ட துஆ அது. வாசலில் அவர் செருப்பு எப்போதும் கிடக்கிறது. கொடியில் அவர் கைலி காய்கிறது. ஆனால் ஆள் பேசுவதில்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு "ம்" என்கிறார். சாப்பிட்டால் "நல்லாருக்கு" என்கிறார். எதிரில் போய் உட்கார்ந்தால் எனக்கும் பேச்சு வருவதில்லை. இவ்வளவு வருடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசுகிற பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தால் கை தானாகப் போனைத் தேடும். தொழுதுவிட்டு வந்து அவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார், நான் அவருக்காக ஏங்கிக்கொண்டிருப்பேன். இதை யாரிடம் சொல்ல முடியும்? மகளிடம் சொன்னால் சிரிப்பாள்.

போன வெள்ளிக்கிழமை சோற்றை வடித்துவிட்டு நின்றேன். அவர் ஜும்ஆவிலிருந்து வந்து ஹாலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. என்ன தோன்றியதோ, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் நம்பரை அழுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. எடுக்கமாட்டார், எழுந்து வந்து என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன்.

எடுத்தார். "எங்கேருந்து பேசுற?" என்றார்.

"இங்கனதான் மச்சான், அடுப்படியிலேருந்து."

நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் காதுக்குள் கேட்டது.

"சரி, சொல்லு" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.