கோமளா டீச்சரின் கொட்டாங்கச்சி மேளம்

காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆள் வந்து சொன்னார். கோமளா டீச்சர் விடியற்காலையில் போய்விட்டார். அவருடைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை என் வகுப்பில் உட்காரவைத்தேன். அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளியில் படித்தவர்கள் அவருடைய வெள்ளிக்கிழமைகளை மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டாங்கச்சியின் வாயில் பசை தடவிக் காகிதம் ஒட்டினால் மேளம். பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டால் கிலுகிலுப்பை. பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பி. செய்து முடித்ததும், கோபம் வந்தால் எப்படி அடிப்பாய், பயந்தால் எப்படி ஊதுவாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பக்கத்து அறையில் வாய்ப்பாடு நடத்தும் எனக்குத் தலை வெடிக்கும். சண்டைக்குப் போனால், “அழற குழந்தைகிட்ட அழாதேன்னு சொல்லாதீங்கோ, கையில ஏதாவது குடுங்கோ” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மேல் சண்டை போட முடியாது.

ஒருமுறை வருத்தத்தை அடித்துக் காட்டச் சொன்னார். எல்லாரும் மெதுவாகத் தட்டினார்கள். நெசவாளர் வீட்டுப் பெண் வள்ளி மட்டும் காலைத் தூக்கி ஆடிக்கொண்டு, காகிதம் கிழிய அடித்தாள். அது வருத்தமில்லை, சந்தோஷம் என்று டீச்சர் திருத்தினார்.

“இல்ல டீச்சர். எங்கப்பாவத் தூக்கிக்கினு போனப்போ இப்படித்தான் அடிச்சாங்க.”

டீச்சர் வீட்டு வழக்கத்தில் சாவுக்கு மேளம் கிடையாது. அவருக்கு அது தோன்றவே இல்லை. கிழிந்த காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிதாகத் தானே ஒட்டினார். அந்த மேளத்தைக் கடைசிவரை தன் மேசையில் வைத்திருந்தார். அதன்பிறகு எந்தச் சத்தம் எந்த உணர்ச்சி என்று அவர் சொன்னதில்லை. பிள்ளைகளையே கேட்பார்.

போன மாதம் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனேன். “நான் போனா வள்ளி மாதிரி யாராவது அடிக்கணும். நீங்க பாத்துக்கோங்கோ” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

அவர் இறந்த அன்று மேளத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் கேட்டதைச் சொன்னதும் அவருடைய அண்ணா, “எங்காத்துல அந்த வழக்கமெல்லாம் கிடையாதும்மா” என்றார். கோபமில்லை, அழுதுகொண்டே சொன்னார். அழுகிற மனிதரோடு என்ன வாதாடுவது? மந்திரச் சத்தத்தோடு டீச்சரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

அந்த மேளம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மறுநாள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அதைக் கண்டுபிடித்து என்முன் வைத்தது.

“உங்களுக்கு வருத்தமா இருக்குதா டீச்சர்? அடிச்சிக் காட்டுங்க.”

குச்சியை எடுத்தேன். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை எழவில்லை.