உப்பில்லாத பண்ணைக்கீரை

கீரையே தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பண்ணைக்கீரை விதைத்தார். இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. இந்த மனுஷனை என்னதான் செய்வது! வத்தலக்குண்டு பக்கம் அவர் ஊரிலிருந்து விதை வரவழைத்து, கடுகைவிடப் பொடியான அந்தக் கறுப்பு விதையை மணலில் கலந்து, பழைய பெயிண்ட் வாளிகளில் தூவினார். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதனால் குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக மாடிக்குக் கொண்டுபோனார். அவருக்கே அளந்துதான் தண்ணீர். செடிக்கு மட்டும் அளவே கிடையாது.

முளைத்ததும் கெஞ்சல் தொடங்கியது. நான் டாக்டரிடம் மன்றாடி ஒரு வழி கேட்டு வந்தேன். எப்போதாவது, கொஞ்சமாக, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்புப் போடாமல் கொடுக்கலாமாம். அப்படியே கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இத மாடுகூடத் திங்காதுடி. ஒரே ஒரு நாள் உப்புப் போட்டுக் கடைஞ்சு குடு."

"முடியாது."

"இத்துனூண்டு உப்புடி. நான் செத்தாத்தான் போடுவ போல."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல். எனக்கு அவர் உயிரோடு இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

அதன் பிறகு கீரை பறிப்பதையே நிறுத்திவிட்டேன். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது கீரை. விட்டால் பூத்துவிடும், இலையும் முற்றி நாராகிவிடும். மாடிச் சுவரோரம் ரோஸ் நிறத்தில் கதிர் கதிராகப் பூத்து நின்றது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து, "என்ன பூக்கா இது, இம்புட்டு அழகா இருக்கு?" என்று கேட்டார்கள். அவர் மாடிக்குப் போவதை விட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, டயாலிசிஸுக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே என் தோளில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று நாத்தனார், "அண்ணனுக்குப் பிடிச்சத எல்லாம் படைக்கணும் மதினி" என்றாள். மாடிக்குப் போனேன். உதிர்ந்த விதையெல்லாம் மழைக்கு முளைத்து, வாளிகளில் இளங்கீரையாகத் தளதளவென்று நின்றது. ஒரு முறம் பறித்து வந்து நானே ஆக்கினேன். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் கீரையை வைத்து, மாடியில் காக்கைக்கு வைத்துவிட்டு இறங்கினேன்.

பந்தி போடும் முன் நாத்தனார் சட்டியிலிருந்து கீரையை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன மதினி, சப்புனு இருக்கு? உப்பே போடலையா?"

அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். வடித்துக் கொட்டிய பச்சைத் தண்ணீர் தொட்டியில் இன்னும் நின்றது. கை தன்பாட்டுக்குப் பழைய பத்தியத்தையே செய்திருக்கிறது. உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

இலையில் சோறு அப்படியே இருந்தது. கீரையைத்தான் காக்கை முழுக்கத் தின்றுவிட்டுப் போயிருந்தது.